பதினொரு நிமிடம் முன்னதாக வந்தவர்கள்

வராமல் இல்லை அக்கா. வந்தோம். மூன்று பேரும் வந்தோம். நீ காத்திருந்ததாகச் சொன்ன அதே மஞ்சள் பெஞ்சில், நீ காத்திருந்த அதே பன்னிரண்டு மணி வரை நாங்களும் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு கடிதத்தை இப்படியா தொடங்குவது என்று அப்பா கேட்பார். சரி, முறைப்படி வருகிறேன்.

என்றும் அன்புக்குரிய அக்காவின் பார்வைக்கு, இரண்டாம் மாடியிலிருந்து உன் தங்கை எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்பளவில் நலம், மற்றதை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். உன் கோபம் மட்டும் சற்று இளைத்திருக்க வேண்டும்.

'ஒரு மணி நேரம் நின்னுட்டேன். போதும். இனிமே யாரும் எனக்குப் போன் பண்ணாதீங்க.' பூங்காவிலிருந்து நீ அனுப்பிய கடைசிச் செய்தி. அத்துடன் என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டாய். அப்பாவின் எண் இரண்டு வருடமாகவே அப்படித்தான். இப்போது உனக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே இருப்பது தபால்காரர் ஒருவர். அவருக்கும் முட்டிவலி. ஆகவே, தயவுசெய்து, கடைசி வரி வரை படி.

கடிகாரத்திலிருந்து தொடங்க வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நடந்ததெல்லாம் அதற்குள்ளிருந்துதான் வந்தது. முப்பத்து மூன்று வருடம் ரயில்வே முன்பதிவுக் கவுன்ட்டரில் உட்கார்ந்து, திறந்த இரண்டாவது நிமிடமே இடம் தீர்ந்துபோய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகங்கள் ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்துப் பார்த்து, தன் வீட்டில் யாருக்கும் அந்த முகம் வரக் கூடாது என்று அப்பா எல்லாக் கடிகாரத்தையும் முன்னால் தள்ளிவைத்தாரே, பதினொரு நிமிடம். ஏன் பதினொன்று என்று நீ சின்ன வயதில் கேட்டாய். "அஞ்சுன்னு வச்சா மனசு கழிச்சுடும். பத்து அதைவிட சுலபம். பதினொண்ணைக் கழிக்க மனுஷனுக்குச் சோம்பல் வரும்" என்றார். கைக்கடிகாரம், கூடம், படுக்கையறை, அலாரம், இப்போது அவருடைய போனும். அம்மா மட்டும் மிக்ஸிக்குப் பின்னால் ஒரு குட்டிக் கடிகாரத்தை ஒளித்துவைத்திருக்கிறாள். சரியான நேரம் காட்டுவது. இந்த வீட்டில் ரகசியமாக ஒரு உண்மை இருக்கிறதென்றால் அது அதுதான்.

அந்தப் பதினொரு நிமிடம் உன் கல்யாணத்தன்று என்ன செய்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. இரண்டு பத்துக்கு ரயில். ஸ்டேஷன் நடந்துபோகிற தூரம். பந்தியில் உன் பக்கத்தில் உட்கார வேண்டிய அப்பா பன்னிரண்டரைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். உன் ஆல்பத்தில், உனக்குப் பக்கத்தில், ஒரு காலி நாற்காலி. புகைப்படக்காரர் அதையும் விடாமல் கவனமாக எடுத்திருக்கிறார்.

அதனால்தான் கேளிக்கைப் பூங்காவின் பாதாள ரயில்.

யோசனை என்னுடையது. பழி என் மேல். அந்தச் சவாரியில் ஒரு வரிசைக்கு இரண்டு பேர். மடிக்கு மேல் ஒரு கம்பி இறங்கிப் பூட்டிக்கொள்ளும். மூன்று நிமிடம் யாராலும் கிளம்பிப் போக முடியாது. அப்பாவால்கூட. நீ எப்படியோ சம்மதித்தாய். "பதினோரு மணின்னா பதினோரு மணி. ஒரு நிமிஷம் முன்னால வரமாட்டேன்" என்றாய். இந்த வீட்டில் வளர்ந்ததற்கு அதுதான் உன் பழிவாங்கல் என்பது எனக்குத் தெரியும்.

பூங்காவின் விதிகளை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். போகும் தேதிக்கு ஏழு நாள் முன்பு, காலை சரியாக ஏழு மணிக்கு, சவாரிகளின் முன்பதிவு திறக்கும். அவர்களுடைய விடுதியில் தங்குகிறவர்களுக்குப் பதினான்கு நாள் முன்பே. ஆளுக்கு மூன்று சவாரி. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிட ஸ்லாட். அந்தப் பத்து நிமிடத்துக்குள் வந்து ஏறாவிட்டால் போச்சு. ஓய்வுபெற்ற பிறகு அவர் முகத்தில் நான் பார்க்காத ஒளி. "இது நம்ம டிபார்ட்மென்ட்டும்மா. நீ தள்ளிக்க" என்றார்.

நாலாவது டிக்கெட் என் தோழிக்கு என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். வயது இருபத்துநாலு என்றும்.

முன்பதிவு திறக்கிற ஞாயிறு காலை அவர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, மேசைக்கு முன்னால் போனோடு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் என் போனோடு. அவருடைய போனில் ஏழு அடித்தது. என்னுடையதில் ஆறு நாற்பத்தொன்பது. என் திரையில்: 'முன்பதிவு இன்னும் திறக்கப்படவில்லை. வரிசையில் உங்களுக்கு முன் 4,312 பேர் காத்திருக்கிறார்கள்.' அவர் திரையில்: 'வருக. உங்களுக்கு முன் யாருமில்லை.'

இரண்டு திரைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரே பூங்கா. ஒரே படம். அவருடைய திரையில் பூங்கா வாசல் திறந்திருந்தது.

"அப்பா, இன்னும் மணி ஆகலை."

"ஆயிடுச்சு. பாரு, விடறான்ல?"

பாதாள ரயில், 11:00 முதல் 11:10 வரை, நான்கு இருக்கை. முதல் இரண்டு வரிசை. நாலாவது ஆளின் வயது என்று கேட்டது. என்னைக் கேட்காமலே இருபத்தொன்பது என்று தட்டினார். உன் வயது. நாலாவது டிக்கெட்டை உனக்கு அனுப்பினேன். அதிலும் 11:00 என்றுதான் இருந்தது. யாருடைய பதினொன்று என்று அதில் போட்டிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு. பூங்கா ஒன்பதரைக்குத் திறக்கும். ஏழே காலுக்கு நாங்கள் வாசலில். பெருக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "திறக்க நேரமாகும் சார்" என்றார். "தெரியும். நீங்க பெருக்குங்க" என்றார் அப்பா. "இவரைக் கட்டிக்கிட்டு நான் பார்க்காத வாசல் இல்ல, எல்லாம் பூட்டின வாசல்" என்றாள் அம்மா. இதுவரை எல்லாம் நம் குடும்பத்தில் வழக்கமானது.

பாதாள ரயிலுக்கு முன்பதிவு செய்தவர்களுக்கென்று தனி வழி. பக்கத்துக் கம்பிகளுக்குள் பொது வரிசை, இருநூறு பேராவது இருக்கும். குழந்தைகளின் கூச்சல். அப்பாவின் பதினொன்றுக்கு நீலத் தொப்பி போட்ட பெண் எங்களை உள்ளே விட்டாள். நாலடி நடந்திருப்போம். சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். பொது வரிசையில் கம்பிகள் மட்டும் இருந்தன.

வெயில் இருந்தது. ராட்டினங்கள் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. ஐஸ்கிரீம் வண்டிக்குக் கீழே எறும்புகள் வட்டமாகக் கூடியிருந்தன. வட்டத்துக்கு நடுவில் ஒன்றுமில்லை, யாரோ இனிமேல் சிந்தப்போவதற்காகக் காத்திருந்தன. தண்ணீர்ச் சறுக்கிலிருந்து வரும் பாதையில் ஒரு சின்னக் காலடித் தடம். அது காயவில்லை அக்கா. காய்ந்த சிமென்ட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரமாகிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சிரிப்பு கேட்டது. சிரிப்பதற்கு யாரும் இல்லை.

"என்னங்க, சத்தம் கேக்குது, ஆளைக் காணோமே?" என்றாள் அம்மா. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வருவாங்க. நாமதான் சீக்கிரம்" என்றார் அப்பா. அவருக்கு அது புதிதாகவே தெரியவில்லை. ஒருவேளை அவர் எப்போதும் இருக்கிற இடமே இதுதானோ என்று அப்போது தோன்றியது. இத்தனை வருடமும், எங்களுக்குப் பதினொரு நிமிடம் முன்னால், இப்படி ஓர் ஆளில்லாத இடத்தில் தனியாக நின்றுகொண்டு, வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாரோ.

மேடையில் ரயில் நின்றது. மற்ற பெட்டிகள் காலி. உனக்காகக் காத்திருந்தோம். அப்பாவின் கைக்கடிகாரத்தில் 11:08. அம்மா யாரும் பார்க்காதபடி கைப்பையைத் திறந்து குட்டிக் கடிகாரத்தைப் பார்த்தாள். அதையும் கொண்டுவந்திருக்கிறாள். 10:57. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுடைய ஸ்லாட் முடிகிறபோது உன்னுடையது தொடங்க ஒரு நிமிடம் பாக்கி இருக்கும். பத்து நிமிட ஸ்லாட், பதினொரு நிமிட அப்பா. ஒரே ஒரு நிமிடம்.

"கொஞ்சம் நிறுத்திவைங்க" என்றேன் நீலத் தொப்பியிடம். "இன்னும் ஒருத்தங்க வரணும். நாலு பேர் புக்கிங்."

அவள் கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். "நாலும் ஸ்கேன் ஆயிடுச்சே மேடம்."

"மூணு பேர்தானே நிக்கிறோம்?"

அவள் எங்களை எண்ணினாள். விரல் என்னிடம், அம்மாவிடம், அப்பாவிடம், பிறகு அப்பாவுக்குப் பக்கத்தில். "நாலு" என்றாள். "ஏறுங்க, ஸ்லாட் முடியுது."

அப்பா முதல் வரிசைக்குப் போனார். உட்காரவில்லை, ஓரமாக ஒதுங்கி, யாரோ உள்ளே போக வழி விட்டார். "ஜன்னல் பக்கம் நீ போ" என்றார். அந்த வண்டியில் ஜன்னலே கிடையாது. ஆனால் நீ 'ஜன்னல் எனக்கு, ஜன்னல் எனக்கு' என்று ஒவ்வொரு ரயிலிலும் அழுது, கடைசியில் அவர் உன்னை ஜன்னல் என்றே கூப்பிட ஆரம்பித்தது உனக்கே தெரியும்தானே.

கம்பிகள் இறங்கின. காலி இருக்கையில் கம்பி அடிவரை போக வேண்டும். போகவில்லை. மடி உயரத்தில் நின்றது. க்ளிக். நீலத் தொப்பி வந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். காலி இருக்கையிடம் வந்ததும் குனிந்து, "மேடம், பையைக் காலுக்குக் கீழ வச்சுக்குங்க" என்றாள். பிறகு போய்விட்டாள்.

சவாரியைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது, கண்ணை மூடியிருந்தேன். இருட்டு. ஏற்றம். ஒரு நொடி ஒன்றுமே இல்லாமல். பிறகு கீழே. அம்மா கத்தினாள். நான் கத்தினேன். வாழ்நாளில் குரல் உயர்த்தாத அப்பா, "ஜன்னல், கையைப் பிடிச்சுக்கோ!" என்று கத்தினார். நாலாவதாக ஒரு கத்தல் கேட்டது. கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நீ கத்துவாயே, அது.

இறங்கும் வழியில் படக்கடை. சவாரியில் விழுகிறபோது தானாக எடுக்கிற படங்கள் திரையில் வரும். முதல் வரிசைப் படத்தை அப்பா கேட்டு வாங்கினார். இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். அப்பாவுக்குப் பக்கத்தில் நீ. பச்சை சட்டை. தூக்கிக் கட்டிய முடி. இறுக மூடிய கண். உன் இடது கை அவருடைய கைக்குள். மூலையில் நேரம், 11:10.

நான் படத்தைப் பார்த்தேன். அப்பாவைப் பார்த்தேன். "அப்பா, அக்கா வரலையே."

"வந்தாளே. நீ பார்க்கலை?" என்றார். படத்தை என் கையில் கொடுத்து, "பேசலை. பரவாயில்லை. கையை எடுக்கலை" என்றார்.

பிறகு அந்த மஞ்சள் பெஞ்சு. உன்னை எட்டு முறை அழைத்தேன். எட்டு முறையும் அதே பதிவுக் குரல்: 'நீங்கள் அழைக்கும் நபர் இன்னும் வரவில்லை.' வரவில்லை என்றுதான் சொன்னது, நான் அம்மாவிடமும் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டேன். "தெரியலடி. யாரோ உக்கார இடம் கேட்ட மாதிரி இருந்துச்சு." பன்னிரண்டுக்கு எழுந்தோம். பூங்காவின் வெளி வாசலைத் தாண்டியதும் சத்தமெல்லாம் திரும்பி வந்தது, கொதிக்கிற பாத்திரத்தின் மூடியை யாரோ எடுத்ததுபோல. பஸ்ஸில் ஏறிய பிறகு உன் கடைசிச் செய்தி வந்தது.

நேற்று முன்தினம் அத்தான் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார். ரகசியமாகப் பேசினார், பாவம், ஏதோ திருட்டுப் பொருள் விற்கிறவர்போல.

"உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா என்னையும் பிளாக் பண்ணிடுவா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க யாரும் வரலைன்னு, வந்ததுக்கு ஏறிட்டாவது போறேன்னு, அவ தனியா ஏறியிருக்கா. இடது கை வலிக்குதுங்கறா. பார்த்தா நாலு விரல் தடம். யாரு பிடிச்சதுன்னா, பக்கத்து சீட்டே காலிங்கறா."

"படம் வாங்கினாளா அத்தான்?"

"வாங்கி அலமாரி மேல குப்புறப் போட்டிருக்கா. நான் பார்த்தேன். பக்கத்துல காலி சீட். கம்பி மட்டும் யாரோ உக்காந்த மாதிரி பாதியில நிக்குது. மூலையில பதினொண்ணு பத்துன்னு போட்டிருக்கு." குரலை இன்னும் தணித்தார். "இன்னொண்ணு. காத்திருந்தாளே ஒரு பெஞ்சு, அது சூடா இருந்துச்சாம். இப்பதான் யாரோ எழுந்து போன மாதிரி. மூணு பேர் இடம் சூடு, நடுவுல ஒரு இடம் மட்டும் சில்லுன்னு இருந்துச்சாம். அதுல உக்காந்தேன்கறா."

அக்கா, உன்னுடைய படத்தையும் என்னுடைய படத்தையும் அருகருகே வைத்துப் பார். நான் படித்த படிப்பில் இதற்கு ஏதாவது பெயர் இருக்கலாம். பெயர் வைத்தால் பயம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அவர் வந்தார். நீயும் வந்தாய். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அதனால் துணிந்து ஒரு காரியம் செய்தேன். நேற்றுக் காலை அப்பா குளிக்கப் போனபோது, நாற்காலி போட்டு ஏறி, கூடத்துக் கடிகாரத்தைப் பதினொரு நிமிடம் பின்னால் தள்ளி, சரியான நேரத்துக்கு வைத்தேன். பிறகு படுக்கையறை, அலாரம், போன், கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரம். மொத்தம் ஐந்து. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அம்மா, "முப்பது வருஷமா எனக்கு வராத தைரியம்டி" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை.

அவருக்கு இன்னும் தெரியாது. ஆனால் முன்பெல்லாம் வாசல் மணி அடிப்பதற்கு முன்னாலேயே எழுந்து போய்க் கதவைத் திறந்துவைப்பாரே, நேற்று மணி அடித்தது, உட்கார்ந்தே இருந்தார். "யாரு?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் கேட்டதே இல்லை. மாலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். எங்கே போகிறீர்கள் என்றேன். "ஒண்ணுமில்லை. இன்னிக்கு எனக்கு முன்னாலயே எல்லாரும் வந்துட்டாங்க" என்றார். கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

பழகிவிடும். நாளை ஞாயிறு. காலை ஏழு மணிக்கு, எல்லோருக்குமான ஏழு மணிக்கு, அந்த நாலாயிரத்துச் சொச்சம் பேருக்குப் பின்னால் நின்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பாதாள ரயிலில் நான்கு இடம் பிடிப்பேன். உன் பதினொன்றும் அவர் பதினொன்றும் இந்த முறை ஒன்றாக இருக்கும். ஒரே ஒரு முறை வா அக்கா. நீ வராவிட்டால் இனி உன்னைக் கூப்பிட எனக்கு வேறு வழி இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் கூப்பிட்டதை நான் எழுதவில்லை, நீ படிக்கவில்லை. நீ ஏறப்போகும் வண்டியெல்லாம் உனக்காக ஒரு நிமிடம் நிற்கட்டும். நீ உட்காரும் வரிசையிலெல்லாம் ஜன்னல் உன் பக்கம் வரட்டும்.

என்றும் உன் அன்பை நம்பியிருக்கும்
தங்கை

பி.கு. கையெழுத்துப் போட்டு, மை காய்வதற்குள் தபால்காரர் மேலே வந்தார். உன் கடிதம். 'கடிதமும் படமும் கிடைத்தன' என்று தொடங்குகிறது. கடிதம் இதோ என் கைக்கு அடியில் இருக்கிறது. படம் பக்கத்தில் இருக்கிறது. உறை இன்னும் ஒட்டவில்லை. நீ எழுதியிருப்பதை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன், நான் இட்டுக்கட்டவில்லை என்று உனக்கே ஒருநாள் தெரிய வேண்டும்:

'அவர் கடிகாரத்தை ஏண்டி தொட்டே? முதல்ல திருப்பி வை. அந்தப் பதினோரு நிமிஷத்துலதான் அவர் எனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கார். பூங்காவெல்லாம் வேண்டாம். சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கே வர்றேன்.'

இன்று சனிக்கிழமை. அம்மாவின் குட்டிக் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகப்போகிறது. இதை எப்படியும் தபாலில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் நீ எதைப் படித்துவிட்டு வருவாய்? தபால்காரர் முட்டிவலிக்காரர், இன்னும் முதல் மாடிப் படியில்தான் இறங்கிக்கொண்டிருப்பார், ஓடினால் பிடித்துவிடலாம்.

நாற்காலி போட்டு ஏறி, கூடத்துக் கடிகாரத்தின் முள்ளைப் பதினொரு நிமிடம் முன்னால் தள்ளினேன். இறங்குவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். சட்டையைச் சரிசெய்துகொண்டு போய், கதவைத் திறந்துவைத்து, ஓரமாக ஒதுங்கி நின்றார். மணி இன்னும் அடிக்கவில்லை.

நான் ஏறி நின்ற நாற்காலியைத் துடைத்து, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், ஜன்னல் ஓரமாகப் போட்டேன்.